அவசரத்துக்கு வைத்திருந்த பெற்றோல்

காரின் உறையை உருவிப் போட்டபோது, இடப்பக்கப் பின்கண்ணாடி மட்டும் உட்புறமாகப் பனித்திருந்தது.

மற்றக் கண்ணாடிகள் தூசி படிந்து உலர்ந்து கிடந்தன. அந்த ஒன்றில் மட்டும், உள்ளே யாரோ முகத்தை ஒட்டிவைத்து நெடுநேரம் மூச்சு விட்டதுபோல, வட்டமாக ஒரு வெண்மை. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த கார் அது. குகதாசன் பார்த்தார். பார்த்ததை யோசிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. ஐந்து மாடி இறக்கிக் கொண்டுவந்த மகள் அவருடைய தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய நெஞ்சுக்குள் மெல்லிய ஊதல் ஒன்று உள்ளே போவதற்குச் சிரமப்பட்டு, வெளியே வருவதற்கு அதைவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

"உங்கட மியூசியம் ஓடுமோ, அப்பா?" என்றாள் ஹம்சிகா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இழுப்பு.

"கதையாத, பிள்ளை. மூச்சை மட்டும் பார்."

பின்னேரம் நாலு மணிதான். ஆனாலும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையின் தொடர்மாடிக்குக் கீழே, பேஸ்மெண்டில், இருட்டிவிட்டிருந்தது. மூன்றாம் நாளாக மழை. மத்தியானத்தோடு மின்சாரம் போய்விட்டது; அதோடு லிஃப்டும், அவளுக்கு ஆவி பிடிக்கும் மெஷினும். இழுப்புக்கு அடிக்கும் கைப்பம்பில் மருந்து தீர்ந்து வெறும் காற்று வந்தது. அம்புலன்ஸுகள் எல்லாம் வெள்ளம் ஏறிய இடங்களுக்குப் போய்விட்டன, வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும் என்றார்கள். காவலாளி குணபால, முச்சக்கர வண்டி ஏதும் அகப்படுமா என்று பார்க்கக் காலி வீதிக்கு ஓடியிருந்தான். வடிகால் துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழிட்டு மேலே வருவதைக் காலையிலேயே கண்டு, மற்றவர்கள் தங்கள் தங்கள் கார்களை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூண்களுக்கு நடுவே எஞ்சியிருந்தது குகதாசனின் பழைய வெள்ளைக் கார் ஒன்றுதான்.

அவர் பதறவில்லை. அல்லது பதறவில்லை என்று நினைத்துக்கொண்டார். இந்த நாளுக்காகத்தானே அந்தக் கார் நிற்கிறது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு யூலையில் நாட்டில் பெற்றோல் இல்லாமற்போனபோது, நெஞ்சில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்த மனைவி வதனியைப் பின் சீற்றில் இருத்தி, அதே காரைத்தான் அவர் எரிபொருள் நிலைய வரிசைக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி மட்டும் போக இரண்டு லீற்றர் போதும். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள், யாரும் கெட்டவர்களில்லை. ஆனால் பெற்றோல் கொண்டுவரும் பவுசர் வரவில்லை. தாங்கியின் அடியில் கிடந்த மிச்சத்தை வீணாக்காமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து கையால் தள்ளித் தள்ளிக் காரை நகர்த்தினார். பின்கண்ணாடி வழியாக அவளுடைய தலையின் பின்புறம் தெரிந்துகொண்டேயிருந்தது. எந்த இடத்திலிருந்து அவர் ஒரு பிணத்தைத் தள்ளத் தொடங்கினார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த பெற்றோலை வாராவாரம் அடித்து, தாங்கி விளிம்புவரை நிறைந்த நாளில், காரைத் தூணோரம் விட்டு உறையைப் போட்டார். அவசரத்துக்கு. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பற்றரியைக் கழற்றி மேலே தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து பூட்டுவார். இயந்திரத்தை மட்டும் ஒருநாளும் இயக்கியதில்லை. இயக்கினால் பெற்றோல் எரியும். எரிந்தால் குறையும். பல்கலைக்கழகத்துக்கு மழையில் நனைந்து பஸ்ஸில் போய்வரும் மகள் எத்தனையோ தரம் கேட்டும் அவர் அசையவில்லை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மனிதருக்கு அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை.

ஹம்சிகாவைப் பின் சீற்றில் சரித்து இருத்தினார். உள்ளே பெற்றோல் மணம் இல்லை. பழைய வார்னிஷும், புளித்த பழமும், அவற்றுக்கு அடியில் நோயாளியின் தலையணையில் இருக்கும் ஒரு வெதுவெதுப்பான வாடையும் இருந்தன. சீற்றில் கை பட்டபோது அது குளிர்ந்திருக்கவில்லை. முன்னால் போய் அமர்ந்து திறப்பைப் போட்டுத் திருப்பினார்.

கிர்ர்-கிர்ர்-கிர்ர்-கிர்ர். பலமாக, உற்சாகமாகச் சுழன்றது. பிடிக்கவில்லை. மறுபடி. சுழன்றது, பிடிக்கவில்லை. பெற்றோல் முள் கடைசிக் கோட்டில் நிமிர்ந்து நின்றது.

இரத்மலானையில் கராஜ் வைத்திருக்கும் நப்ரீஸுக்கு அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தார். அந்தப் பக்கத்திலும் மழை இரைந்தது.

"மாஸ்டர், நம்மட கராஜுக்குள்ளயும் தண்ணி. நான் வர ஏலாது. ஸ்டார்ட்டர் சுத்துதா, டிக் டிக் எண்டு நிக்குதா?"

"சுத்துது. நல்லாச் சுத்துது. பிடிக்குதில்லை."

"அப்ப பற்றரி ஓகே, ஸ்டார்ட்டர் ஓகே. இனி ரெண்டே ரெண்டு விஷயம். நெருப்பு வருதில்ல, இல்லாட்டி பெற்றோல் வருதில்ல. ஒண்ணொண்ணாப் பாப்பம். திறப்ப ஓன்ல மட்டும் வைங்க, ஸ்டார்ட் அடிக்க வாணாம். பின் சீற்றுக்குக் கீழ பம்ப் ஈக்குது. ரெண்டு செகண்ட் 'ங்ம்ம்' எண்டு ஓடணும். பின்னால யாரும் ஈக்காங்களா?"

"மகள்."

"காத வச்சுக் கேக்கச் சொல்லுங்க."

ஹம்சிகா பக்கவாட்டில் சரிந்து சீற்றில் காதை வைத்தாள். அவர் திறப்பை ஒரு படி திருப்பினார். மழையின் இரைச்சல், வடிகாலின் குமிழ், அவளுடைய ஊதல்.

"ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப கரன்ட் போகல்ல," என்றான் நப்ரீஸ். "பொனட்டத் திறங்க."

இறங்கியபோது தண்ணீர் செருப்புக்கு மேலே வந்திருந்தது. கைபேசி வெளிச்சத்தில் பியூஸ் பெட்டியைத் திறந்து, அவன் சொன்ன பியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். கம்பி அறாமல் இருந்தது. பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு சிறிய கறுப்புப் பெட்டிகள். ஒன்று பம்புக்கான ரிலே, மற்றது ஹோர்னுக்கானது.

"ரெண்டையும் மாத்திப் போடுங்க மாஸ்டர். ஹோர்ன் அடிக்காது. பரவால்ல, மழைக்குள்ள யாரு கேக்கப் போறது."

மாற்றிப் போட்டார். விரல்கள் வழுக்கின. திரும்பி வந்து திறப்பை ஓனில் வைத்தார்.

"ஓடுதா, பிள்ளை?"

தலைக்கு மேலிருந்த சிறிய கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் காதை வைத்தபடியே இருந்தாள். ஆனால் கண்கள் அகன்றிருந்தன.

"பம்ப் இல்லை," என்றாள் மெதுவாக. "ஆரோ மூச்சு விடீனம், அப்பா."

"உன்ர மூச்சுத்தான்."

"நான் அடக்கிப் பாத்தனான். எனக்குப் பிறகும் கேக்குது."

கைபேசிக்குள் நப்ரீஸ் தொண்டையைச் செருமினான். "எத்தின நாள் பெற்றோல் மாஸ்டர் அது?"

"மூண்டு வருஷம்."

"அல்லாவே. அதென்ன தேனா, வச்சு எடுக்க? பெற்றோல் கெட்டு, பிசின் மாதிரி ஆகியிருக்கும். பம்ப் இறுகித் திணறுது, அந்தச் சத்தந்தான். பயப்பட வாணாமெண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்க. அடிச்சுப் பாருங்க, சிலநேரம் பிடிக்கும்."

அடித்தார். கிர்ர்-கிர்ர்-கிர்ர். பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விட்டார். பின்னால் ஒரு மெல்லிய சத்தம். வெறும் தொண்டையால் இருமுவது போல.

"அப்பா." அவள் நெஞ்சைப் பொத்தியிருந்தாள். "நீங்க ஸ்டார்ட் அடிக்கேக்க என்ர மூச்சுப் போகுது. கீழ இழுக்குது."

"பெற்றோல் மணம், அம்மா. கண்ணாடியை இறக்கு."

மறுபடி அடித்தார். இம்முறை ஆறாவது சுற்றில், இயந்திரத்துக்குள் எங்கோ ஒரு அறையில் மட்டும் நெருப்புப் பிடித்து, 'டப்' என்று கார் ஒருதரம் குலுங்கியது. அவ்வளவுதான். அவருக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. உயிர் இருக்கிறது. இன்னும் ஒன்று, இரண்டு தரம்; அவ்வளவுதான் வேண்டும். திரும்பி, "கண்டியா!" என்றபோது ஹம்சிகாவின் உதடுகள் நாவற்பழம் தின்றவள்போல இருந்தன.

அந்த நேரத்தில் சரிவின் உச்சியிலிருந்து குணபாலவின் குரல் கேட்டது.

"மஹத்தயா! த்ரீவீல் எக்கக் ஹம்பவுணா, ஒண்ணு கிடைச்சது! காலி வீதிலதான் நிக்கிது, இங்க வர பயம். அஞ்சு மினிட்தான் நிக்கும் சொல்றான். பபாவத் தூக்கிட்டு வாங்க, நான் போய்ப் பிடிச்சு வைக்கிறன்!"

காலடிச் சத்தம் தண்ணீரில் சளக் சளக் என்று விலகியது.

"போங்க மாஸ்டர்," என்றான் நப்ரீஸ். "பிள்ளையத் தூக்கிட்டுப் போங்க. கார் நாளைக்கும் ஈக்கும்."

போயிருக்கலாம். முந்நூறு யார் தூரம். ஒழுங்கையின் பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இருக்கும், மழை முகத்தில் அறையும், அறுபதை நெருங்கும் மனிதர் ஒருவர் வளர்ந்த பெண்ணைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும், ஆனாலும் போயிருக்கலாம். அவர் முள்ளைப் பார்த்தார். முழுத் தாங்கி. விளிம்புவரை.

"இப்ப ஒருக்கா வெடிச்சது, நப்ரீஸ். என்ன செய்தால் பிடிக்கும்? கெதியாச் சொல்லும்."

நீண்ட பெருமூச்சு. "பம்ப் இறுகியிருந்தா, தாங்கிக்கு அடியால ரெண்டு மூணு தட்டுத் தட்டணும். ஒராள் தட்ட, ஒராள் அடிக்கணும். தனியாச் செய்ற வேலை இல்ல மாஸ்டர் அது. போங்க."

முதலில் தட்டி இளக்கிவிட்டு, பிறகு வந்து அடிக்கலாம். ஒரு நிமிட வேலை. திறப்பை உருவி, நனையாமலிருக்கச் சட்டைப் பைக்குள் போட்டார். டிக்கியிலிருந்து சில்லுக் கழற்றும் இரும்பை எடுத்தார். காரின் பின்பக்கம், இப்போது கெண்டைக்காலின் பாதிக்கு வந்துவிட்ட தண்ணீரில் முழந்தாளிட்டு, கன்னம் தண்ணீரைத் தொடக் குனிந்து, கையை உள்ளே நீட்டித் தாங்கியின் அடியைத் தேடிப் பிடித்தார்.

தாங்கி சூடாக இருந்தது.

டங். டங். டங்.

நிறைந்த பாத்திரத்தின் அமுங்கிய சத்தம். காத்திருந்தார். சுவர்களில் தண்ணீரின் நிழல் அசைந்தது. மழைக்குள்ளே எங்கோ ஒரு ரயில் கடலோரமாகக் கூவிக்கொண்டு போனது.

டங். டங். டங்.

அவர் தட்டவில்லை. இரும்பு கையில், தண்ணீருக்குள் இருந்தது. சத்தம் உள்ளேயிருந்து வந்தது. விரல் முட்டியால், அடக்கமாக, வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்ய மனமில்லாத ஒருவர் கதவில் தட்டுவதுபோல.

பிறகு ஸ்டார்ட்டர் சுழலத் தொடங்கியது.

கிர்ர்-கிர்ர்-கிர்ர்-கிர்ர்.

"ஹம்சி! விடு! நீ முன்னுக்கு ஏறாத, நீ இளைக்காத!" என்று கத்திக்கொண்டு, பம்பரைப் பிடித்து எழுந்து, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

ஹம்சிகா பின் சீற்றில்தான் இருந்தாள். கால்களை மடக்கி, மூலையோடு ஒட்டி, முன் சீற்றைப் பார்த்தபடி.

முன் சீற்றில் ஒருவருமில்லை.

கிர்ர்-கிர்ர்-கிர்ர்-கிர்ர்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. திறப்பு அங்கே இருந்தது. நனைந்து. குளிர்ந்து.

"மாஸ்டர்!" டாஷ்போர்டிலிருந்து நப்ரீஸ் கத்தினான். "யாரு அடிக்கிற? நிப்பாட்டச் சொல்லுங்க, ஸ்டார்ட்டர் எரிஞ்சு போகும்! மாஸ்டர், யாரு அங்க?"

ஒவ்வொரு சுற்றுக்கும் அவளுடைய நெஞ்சு ஒருதரம் உள்ளே போனது. போனது. திரும்பி எழவில்லை. மறுபடி போனது. சட்டை விலா எலும்புகளில் ஒட்டியது. வாய் திறந்திருந்தது. மூச்சை உள்ளே எடுக்க அல்ல. உள்ளிருந்ததைக் கொடுக்க. அவள் அவரைப் பார்த்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

அந்தக் கதவைத் திறந்து அவளை இழுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றொன்றாகப் பார்த்துப் பழகிய மூளை அவருக்கு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பற்றரி. அதை அறுத்தால் நிற்கும். அவர் பின்கதவைக் கடந்து ஓடினார். மகளைக் கடந்து ஓடினார்.

பொனட். பற்றரியின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கினார். விரல் கிழிந்தது. இழுத்தார். கழன்றது.

கிர்ர்-கிர்ர்-கிர்ர்.

மற்றக் கம்பி. அதுவும் கழன்றது. இரண்டு கம்பிகளும் அவர் கையில்.

கிர்ர்-கிர்ர்-கிர்ர்.

"நிப்பாட்டு," என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. "வதனி. நிப்பாட்டு. இது பிள்ளை."

கிர்ர்.

பிடித்தது.

இயந்திரம் ஒரு முழு நடுக்கத்தோடு எழுந்து, சீறி, பிறகு தணிந்து, சீரான ஓட்டத்துக்கு வந்தது. முன்விளக்குகள் எரிந்தன. சுவரெல்லாம் மஞ்சளாகியது.

பின் சீற்றில் ஊதல் நின்றிருந்தது.

அவர் நிமிரவில்லை. நிமிர வேண்டியிருக்கவில்லை. இருபத்தொரு வருடமாக, நள்ளிரவுகளிலும் பரீட்சைக் காலங்களிலும், அறைக் கதவுக்கு வெளியே நின்று எண்ணிய மூச்சு அது. ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவருக்கு அடையாளம் தெரியும். உள்ளே போகும்போது மெல்லிய விசில். உச்சியில் ஒரு சின்னத் தடங்கல். வெளியே வரும்போது நீண்ட, கரகரத்த இழுப்பு. இப்போது அது அவருடைய முகத்துக்கு ஒரு முழம் கீழே, இரும்புக்குள் கேட்டது. விசில். தடங்கல். இழுப்பு. காது வைத்தார். சூடு கன்னத்தைச் சுட்டது. எடுக்கவில்லை.

"மஹத்தயா! மஹத்தயா!" சரிவில் குணபால குதித்து வந்தான். "ஸ்டார்ட் ஆயிட்டு! ஷோக், மஹத்தயா! போவோம், நான் முன்னால பாத்துப் போறன்..."

பின்கதவைத் திறந்தான். அவனுடைய குரல் நடுவில் அறுந்தது. ஹம்சிகாவின் கை முதலில் வெளியே விழுந்து தண்ணீரைத் தொட்டது. அவன் அவளை வாரி எடுத்தான், கன்னத்தைத் தட்டினான், மூக்கருகே கையை வைத்தான், மூச்சில்லை என்று கண்டு, அவளைச் சுமந்தபடியே நின்றான்.

"மாஸ்டர்," என்றது கைபேசி, தயங்கி. "எஞ்சின் கேக்குது. ஆனா... என்த சத்தம் மாஸ்டர் அது?"

குணபாலவும் அப்போதுதான் கேட்டான். முகம் மெல்லப் பொனட்டின் பக்கம் திரும்பியது. கழன்று தொங்கும் கம்பிகளைக் கண்டான். கைகளில் கிடந்தவளைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு அடி.

"ஓஃப் பண்ணுங்க, மஹத்தயா," என்றான் அழுகுரலில். "அனே, தெய்யனே... அத ஓஃப் பண்ணுங்க."

"தொடாத." குகதாசன் பொனட்டை இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார். "ஒருத்தரும் தொடக் கூடாது. நிப்பாட்டினா அவளின்ர மூச்சு நிண்டிடும்."

அப்போது இயந்திரம் இருமியது.

ஒருதரம். பிறகு இரண்டு தரம். விசில் தடுமாறியது. அவர் தலையைத் தூக்கினார். காரின் பின்னாலிருந்து புதிதாக ஒரு சத்தம்: கொப்புளித்து, மூழ்கி, மறுபடி கொப்புளிக்கும் சத்தம். வடிகால் துளை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் புகைக்குழாயின் வாயைத் தொட்டுவிட்டிருந்தது.

அவர் ஓடினார். விழுந்தார். தவழ்ந்து போனார். குழாயின் முன்னால் முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் குவித்து, தண்ணீரை அள்ளி அப்பால் எறிந்தார். அள்ளி எறிந்தார். அது திரும்பி வந்தது. உடம்பை அணையாக வைத்து, குழாயைச் சுற்றி மார்பை வளைத்து, அள்ளினார். குழாயிலிருந்து வந்த காற்று அவருடைய கழுத்தில் பட்டது. சுடவில்லை. குழந்தை நித்திரையில் விடுவதுபோல வெதுவெதுப்பாக, விட்டுவிட்டு, பட்டது.

"ஆறுதலா, அம்மா," என்றார். "ஆறுதலா எடு. அப்பா இருக்கிறன்."

தண்ணீர் அவருடைய இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் அள்ளிக்கொண்டிருந்தார்.